பத்து எண்ணும் வரை

மதுரையில் டவுன் பஸ் கண்டக்டர் அவர். பிரஷர் மாத்திரையை விட்டு மாதக்கணக்காகியிருந்தது. மூளையின் இடப்பக்கம் ரத்தக்கசிவு. ஐந்தாம் நாள் நான் பார்க்கப் போனபோது வலது கையும் காலும் அசையவில்லை. மூக்கில் டியூப். எதைக் கேட்டாலும் "அது... அது..." தான்.

பேச்சுப் பயிற்சியாளர் வந்தால் உடனே பேசவைப்பார் என்றுதான் வீட்டார் காத்திருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது விழுங்குவதை. நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். குரல்வளை மேலே ஏறுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு நான் "ஆ" என்று காட்ட, அவரும் சொன்னார். குரல் களகளவென்று ஈரமாக இருந்தது. இருமல் மட்டும் வரவில்லை. எனக்குப் பயம் அதில்தான். இருமாமலே தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். "ஒரு மடக்கு காபி மட்டும்" என்று கெஞ்சிய மனைவிக்கு இதைப் புரியவைக்கவே அன்று பாதி நேரம் போனது.

மகள் தினமும் "அப்பா, நான் யாருன்னு சொல்லுங்க" என்பாள். அவர் கண் கலங்கும். அவளை அவருக்குத் தெரியும், பெயர்தான் வாய்க்கு வராது. மூளை பாதிப்பால் சொல் வராமல் போகும் இந்த அஃபேசியா, அறிவு மங்குவதல்ல. 1861இல் பாரிஸில் டாக்டர் புரோக்கா பார்த்த நோயாளியும் எதற்கும் "டான்" என்றே பதில் சொன்னார்.

"பரீட்சை வைக்காதீங்கம்மா. நான் உங்க பொண்ணு வந்திருக்கேன்னு நீங்களே சொல்லுங்க. ஏதாவது கேட்டா, மனசுக்குள்ள பத்து எண்ணுற வரைக்கும் பொறுங்க" என்றேன்.

இரண்டாம் வாரம், "மாட்டுத்தாவணி... கோரிப்பாளையம்..." என்று அவர் பஸ்ஸின் ஸ்டாப்புகளை ராகமாக இழுத்து நிறுத்தினேன். "சிம்மக்கல், பெரியார்!" என்றார், அத்தனை தெளிவாக. மகள் அழுதுவிட்டாள். பேச்சு திரும்பிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருஷக்கணக்காகக் கூவிய வரிசையும், கிழமைகளும், பாட்டும் பலருக்குத் தானாக வரும். தேடி எடுக்க வேண்டிய சொல் வேறு. "எங்க இறங்கணும்?" என்றதும் மறுபடி "அது... அது...". ஆனாலும் பிடித்து ஏற ஒரு கம்பி கிடைத்துவிட்டது. முதல் எழுத்தை மட்டும் நான் கொடுக்க, மீதியை அவர் தேடுவார். சில நாள் கிடைக்கும். பல நாள் கிடைக்காது.

டியூப் எடுத்த அன்று மனைவி, "இட்லியா, கஞ்சியா?" என்று கேட்டுவிட்டு உதடசைய எண்ணத் தொடங்கினார். எட்டு வரை வந்திருப்பார்.

"க... கஞ்சி."