உங்க சம்பளத்தை எங்கே எழுதியிருக்கீங்க?

சின்னத் தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதுவும் ஒரு தொழில்தான், ஆனாலும் என்னை யாராவது 'தொழில்முனைவோர்' என்று சொன்னால் இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏன் சொந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று என் வாடிக்கையாளர்களைக் கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்: சுதந்திரம், கனவு, ஏதாவது சாதிக்கணும். ஒரு வருஷம் அவர்களுடைய வரவு செலவை எழுதிய பிறகு அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை, குழந்தை பிறந்த பிறகு பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை, கையில் காசில்லை என்று மெதுவாக வெளியே வரும்.

இரண்டும் உண்மைதான். தொழில் தொடங்குபவர்களைப் பற்றி 1999 முதல் பல நாடுகளில் ஆய்வு நடத்திவரும் குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர் என்ற அமைப்பு ரொம்ப நாள், வாய்ப்பைப் பார்த்து வந்தவர்கள், வேறு வழியில்லாமல் வந்தவர்கள் என்று ஆட்களை இரண்டு கட்டத்துக்குள் அடைத்து வைத்திருந்தது. 2019-இல் கேள்வியை மாற்றினார்கள். உலகத்தில் ஒரு மாற்றம் கொண்டுவர, பெரிய சொத்து சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை கிடைப்பது கஷ்டம் என்பதால் வயிற்றுப்பாட்டுக்கு என்று நான்கு காரணங்கள். ஒருவரே நாலுக்கும் ஆமாம் சொல்லலாம். சரியான மாற்றம்!

அனிதா ராடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் பாடி ஷாப் என்ற அழகுசாதனக் கடையை முதன்முதலில் திறந்தபோது அவர் மனதில் இருந்தது, கணவர் குதிரையில் நெடும்பயணம் போகும் காலத்தில் இரண்டு மகள்களோடு குடும்பம் ஓட வேண்டும் என்பதுதான். விலங்குகள் மீது சோதனை செய்வதை எதிர்த்த அந்தப் பெயரெல்லாம் பிறகு வந்தது. தொடங்கிய காரணம் ஒன்று, தொடர்ந்த காரணம் வேறு.

அவரே சொன்ன இன்னொரு கதையும் உண்டு. டி-ஷர்ட்டோடு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கடன் கேட்கப் போனபோது வங்கியில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள், அப்புறம் கோட் சூட் போட்ட கணவரோடு போனதும் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் இது சட்டமாகவே இருந்தது, 1988-இல் புதுச் சட்டம் வரும்வரை தொழில் கடன் கேட்கும் பெண்ணுக்கு உறவுக்கார ஆண் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'பெண்களுக்குப் பணம் முக்கியமில்லை, மனநிறைவுதான் வெற்றி' என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. பாராட்டு மாதிரித்தான் கேட்கும். ஆனால் பணம் பெரிதில்லை என்பவருக்குக் கடனைக் குறைத்துக் கொடுக்கலாம், பில்லை இரண்டு மாசம் இழுத்தடிக்கலாம், பேரம் பேசலாம்.

நான் கணக்கு எழுதும் பெண்களிடம் வெற்றி எது என்று கேட்டால் நல்ல பதில்கள்தான் வருகின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். தொந்தரவு கொடுக்கும் வாடிக்கையாளருக்கு முடியாது என்று சொல்லலாம். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நானும் இதற்காகத்தான் வேலையை விட்டேன்.

ஆனால் பேரேட்டைத் திறந்தால் ஒரு வரி காணாமல் போயிருக்கும். தையல் யூனிட் நடத்தும் அக்கா ஒருவர், வாடகை, நூல், கரன்ட் பில், நாலு தையல்காரர்களின் கூலி என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார்.

"உங்க சம்பளம் எங்கேக்கா?"

"எனக்கெதுக்குடி சம்பளம், மிச்சம்தான் லாபமாச்சே."

அந்த லாபத்தில் அவருடைய பத்து மணிநேர உழைப்பு ஒளிந்திருக்கிறது. வெட்டும் வேலைக்கும் கணக்குப் பார்க்கும் வேலைக்கும் வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கூலி ஆகும் என்று போட்டுக் கழித்துப் பார்த்தோம், லாபம் போய் நஷ்டம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தொழிலை மூடிவிடுவாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

மூடவில்லை. தைக்கும் விலையை ஏற்றினார், இரண்டு வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். அடுத்த மாசம் வந்த நோட்டில் கூலிப் பட்டியலில் அவர் பெயர் ஐந்தாவதாக இருந்தது, தொகை மற்ற நாலு பேரையும்விடக் கம்மி. அதைக் காட்டி ஏன் என்று கேட்டேன். "இருடி, மொதல்ல பேர் வரட்டும்" என்றார்.