ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பிள்ளையை யார் பார்த்துக்கிறாங்க?

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் எல்லாரும் என்னிடம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். சம்பளம், குளிர், சோறு கிடைக்குமா என்பதெல்லாம் அப்புறம். எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்குப் பக்கம். தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களும், விடியுமுன்னே ஓசூர் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு இது அன்றாடப் பாடு. ஆகவே ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. பெர்லினில் பிள்ளை பெற்று வளர்த்ததில் நான் தெரிந்துகொண்டதையும், அது எங்கள் ஊருக்கு எங்கே பொருந்துகிறது என்று நினைப்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மகளைப் பகலில் பார்த்துக்கொள்வது கீட்டா. அதாவது அங்குள்ள பகல்நேரக் குழந்தைகள் மையம். மூன்று வயதான பிள்ளைக்கு அதில் இடம் தரவேண்டும் என்ற சட்ட உரிமை ஜெர்மனியில் 1996லேயே வந்துவிட்டது. 2013 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வயது முடிந்த எல்லாப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. இதில் என் மனதில் தைத்தது, உரிமை பிள்ளையின் பேரில் இருக்கிறது என்பது. அம்மா வேலைக்குப் போகிறாளா, வீட்டில் இருக்கிறாளா என்பது அடுத்த கேள்வி. இடம் கிடைக்காமல் போனால் வழக்குப் போடலாம். நிர்வாகத்தின் அலட்சியத்தால் இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியாத தாய்மார், இழந்த சம்பளத்தை ஈடாகக் கேட்கலாம் என்று 2016 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. லைப்சிக் நகரத்துத் தாய்மார் தொடுத்த வழக்கு அது.

உரிமை இருப்பதால் இடம் தானாக வந்து கதவைத் தட்டும் என்று நினைத்து யாரும் அங்கே போக வேண்டாம். ஆசிரியர்கள் போதவில்லை என்பது பல ஊர்களில் உள்ள குறை. பெர்லினில் முதலில் இளையோர் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒரு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிள்ளை சேரவேண்டிய தேதிக்கு ஒன்பது மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முழு நாள் வேண்டுமென்றால் பெற்றோர் வேலை செய்வதற்கான சான்று வைக்க வேண்டும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீட்டா கீட்டாவாக நாம்தான் ஏறி இறங்க வேண்டும். நான் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போதே பட்டியல் போட்டு எழுத ஆரம்பித்தேன். பலரிடமிருந்து பதிலே இல்லை. கடைசியில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒன்று கிடைத்தது. 2018 ஆகஸ்ட் முதல் பெர்லினில் கீட்டாவுக்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ.

பிள்ளை கீட்டாவுக்குப் போகுமுன் உள்ள முதல் ஒரு வருடத்துக்குத்தான் குடும்பத்துக்கான மற்ற உதவிகள். பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் தாய்க்குச் சம்பளத்தோடு ஓய்வு. பிறகு எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகை. கையில் வாங்கிய சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குறைந்தது 300 யூரோ, அதிகபட்சம் 1,800 யூரோ. ஒருவர் மட்டும் எடுத்தால் 12 மாதம். இன்னொருவரும் இரண்டு மாதமாவது எடுத்தால் மொத்தம் 14 மாதம். பிள்ளைக்கென்று மாதாமாதம் வருகிற கிண்டர்கெல்ட் 2026 ஜனவரி முதல் 259 யூரோ. ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வந்த இந்தியர்களுக்கும் இவை உண்டு. படிக்க வந்தவர்களுக்கு விதி வேறு, அதைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்டர்ன்கெல்ட்டை, விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதத்துக்குத்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள். பிள்ளை பிறந்த களைப்பில் காகிதங்களைத் தள்ளிப் போட்டால் பணம் போய்விடும். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

அந்த இரண்டு மாதத்தை என் கணவர் எடுத்தார். அரூரில் இருக்கிற என் மாமியார் போனில், “ஆம்பளை எதுக்குடா புள்ளைக்கு லீவு போடணும், ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க” என்று பதறினார். ஆபீஸில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அவருடைய மேலாளரும் தன் பிள்ளைக்கு அப்படி எடுத்தவர்தான். அந்த இரண்டு மாதத்துக்குள் என் மகள் அழுதால் அது பசியா, தூக்கமா, வயிற்று வலியா என்று என்னைக் கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை வீடியோவில், மகன் பேத்தியைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதை மாமியார் வெகு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உங்கப்பா உன்னைத் தூக்கினதே நீ நடக்க ஆரம்பிச்ச பிறகுதான்” என்றார்.

கீட்டாவில் சேர்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மூரில் பிள்ளையைப் பால்வாடியில் முதல் நாள் விடுவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். கையில் மிட்டாய் கொடுத்து, “அங்க பாரு குருவி” என்று திருப்பிவிட்டு, பின்வாசல் வழியாக ஓடிவிடுவோம். பிள்ளை அழுது ஓயும். பெர்லினில் அதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் நானும் மகளோடு அந்த அறையிலேயே ஒரு மணி நேரம் போல இருந்தேன். சுவரோரம் ஒரு குட்டி நாற்காலி எனக்கு. நான் விளையாட்டுக் காட்டக் கூடாது, அவள் வந்தால் அணைத்துக்கொள்ளலாம். அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆசிரியை தரையில் உட்கார்ந்து ஒரு மரப் பந்தை மெதுவாக உருட்டினார். அவளைத் தூக்கவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. பந்து இவள் காலடிக்கு வரும், இவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான் தலையசைப்பேன், இவள் திருப்பி உருட்டுவாள். அவ்வளவுதான் அந்த நாட்கள்.

நான்காம் நாள்தான் முதல் பிரிவு. சத்தமில்லாமல் நழுவிவிடலாம் என்று நான் எழுந்தபோது ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். “போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வருவேன் என்றும் சொல்லுங்கள். அழட்டும், பரவாயில்லை. சொல்லாமல் போனால் அடுத்த முறை நீங்கள் எப்போது காணாமல் போவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள், விளையாட மாட்டாள்” என்றார். சொல்லிவிட்டுப் போனேன். அழுதாள். கதவுக்கு வெளியே மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு படம். எழுத்துத் தெரியாத பிள்ளை தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு. அவளுக்கு முள்ளெலி. அதன் கீழே மழைச் சேற்றில் விளையாடப் போட்டுவிடுகிற ரப்பர் கால்சட்டை தொங்கியது. அதைப் பார்த்தபடி நின்றேன். ஆசிரியை ஏதோ பாடுவது கேட்டது, அழுகை அடங்கியது. சில நிமிடத்தில் கூப்பிட்டார்கள். பிறகு அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். வேலைக்குத் திரும்புகிற தேதியை இதற்கு இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில வாரங்கள் பிடிக்கும். முதல் குளிர்காலத்தில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். அதற்கும், அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், ஒரு பிள்ளைக்கு ஆளுக்கு ஆண்டில் 15 வேலைநாள் உதவித்தொகையோடு விடுப்பு உண்டு.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அம்மா பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். “நானும் அப்படி உக்கார வைக்கணும்னுதான் நினைப்பேன் கண்ணு. அவங்க அம்மா உக்காந்தா அன்னிக்குக் கூலி போயிடுமே” என்றார். அந்த ஒரு வரிக்கு மேல் நான் எங்கும் படித்ததில்லை. பிள்ளையை எப்படிப் பழக்க வேண்டும் என்பது அம்மாவுக்கும் தெரியும், பெர்லின் ஆசிரியைக்கும் தெரியும். பெர்லினில் என் வருமானம் அந்த வாரங்களில் நிற்கவில்லை, இங்கே நின்றுவிடும்.

நம்மிடம் எதுவுமே இல்லை என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் சேர்த்தே சோறு போட்டது. இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. வாரம் மூன்று முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது எல்லாம் இலவசம். அம்மாவின் மையத்தில் உத்தரத்தில் தொங்கிய தராசில் பிள்ளையைத் துணித்தூளியில் உட்கார வைத்து நிறுப்பார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை போட்ட அட்டையில் அம்மா புள்ளி வைப்பார். புள்ளி மஞ்சளுக்கு இறங்கினால் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போவார். பெர்லினில் மகளின் மஞ்சள் நிற மருத்துவக் கையேட்டில் டாக்டர் எடைக் கோட்டைக் குறித்தபோது, எனக்கு அது எதுவும் விளக்கத் தேவைப்படவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

எங்கள் மாவட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க முடியாது. பெண் சிசுக்கொலைக்காகச் செய்தித்தாள்களில் பேர் அடிபட்ட மண் இது. சேலத்தில் 1992ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தர்மபுரிக்கும் வந்தது. அந்த வருடக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் 1,000க்குப் பெண் பிள்ளைகள் 826தான். 2011ல் அது 900ஐத் தாண்டியது. இன்னும் போதாது, ஆனால் ஏறியிருக்கிறது. மூத்தது ரெண்டும் பெண்ணாக இருந்து மூன்றாவதும் கருவுற்ற வீடுகளுக்கு அம்மா அந்த நாட்களில் அடிக்கடி போவார். சத்துமாவு கொடுக்கப் போவதாகச் சொல்வார். எதற்குப் போகிறார் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். அதற்கு ஊதியமென்று யாரும் தரவில்லை. பெண் பிள்ளை உயிரோடு இருப்பதற்கே இப்படிப் போராடிய ஊரில், அவள் அம்மா வேலைக்குப் போகிற நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.

இங்கேதான் ஓட்டை இருக்கிறது. பால்வாடிக்கு இரண்டு வயதில்தான் பிள்ளை வரமுடியும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வராது. அரசு ஊழியருக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு, கம்பெனி வேலைக்காரிக்கு 2017 சட்டத் திருத்தத்தில் வந்த 26 வாரம். கூலிக்காரிக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். அதன் பிறகு பிள்ளை இரண்டு வயதைத் தொடும் வரை யார்? பாட்டி. பாட்டி இல்லாத வீட்டில் அக்கா. அம்மாவின் மையத்துக்குத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள் ஒரு பெண். ஆறாவது படிக்க வேண்டியவள். சின்னது வெளியே போய்விட்டுத் துணியை நனைத்திருக்கும். ஆயா அதைக் கழுவிவிட, இவள் ஜன்னல் வழியாகப் பள்ளி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. பதினேழு வயதில் கல்யாணம்.

என் அண்ணி இப்போது ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறார். பிள்ளைக்குப் பதினோரு மாதம். பார்த்துக்கொள்வது முழங்கால் வலியோடு இருக்கிற என் அம்மா. வாழ்நாளெல்லாம் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிய கை இன்னும் ஓயவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017 முதலே சட்டம் சொல்கிறது. நான் சொல்லும் வரை அண்ணிக்கும் அவரோடு பஸ்ஸில் போகிற பெண்களுக்கும் அது தெரியாது. மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்தலாம். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்பது அதன் விதி. கேட்டால்தான் வரும் என்பது பெர்லினிலும் பாலக்கோட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. அங்கே கேட்பதற்கு ஒரு சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டலாம், இங்கே மனு எழுத வேண்டும்.

எழுதியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அம்மா திருத்தினார். எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஆறு மாதப் பிள்ளையிலிருந்து சேர்த்துக்கொள்ளும் காப்பகம் வேண்டும், காலை ஷிப்டுக்குப் பஸ் புறப்படும் முன்பே அது திறக்க வேண்டும், டீச்சர் தலையிலும் ஆயா தலையிலும் இந்த வேலையைக் கட்டாமல் தனி ஆளும் தனிச் சம்பளமும் தர வேண்டும். கடைசிக் கோரிக்கை அம்மா சேர்த்தது. அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைக்கப் போகிறார்கள், இதுவரை கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள், தக்காளித் தோட்டத்துப் பெண்களிடம் அண்ணி இந்த வாரம் போகிறார்.