பல்லைப் பிடித்துப் பார்க்காத பந்தயம்

எங்கள் தெரு ரிமோட் கார் பந்தயத்துக்குச் சட்டம் எழுதியவன் நான்தான். அடி விழுந்ததும் எனக்குத்தான்.

மதுரை ஆனையூர்ப் பக்கம் ஒரு காலி மனை. ஞாயிறு காலை 7 மணி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். கிழிந்த தோட்டத்து ஹோஸ் பைப்பை வளைத்துப் போட்டால் டிராக் ரெடி. மொத்தம் 5 கார்கள். முதலில் சட்டமெல்லாம் கிடையாது. மச்சான் ஒருநாள் பிரஷ்லெஸ் மோட்டார், லிப்போ பேட்டரி என்று விலையும் வேகமும் கூடிய சாமான்களோடு வந்து இறங்கினார். எங்கள் 4 கார்களின் விலையைக் கூட்டினாலும் அவர் காருக்கு எட்டவில்லை. அன்றைக்கு நாங்கள் பார்த்தது வெறும் புழுதிதான்.

அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். எல்லாரும் ஒரே கடையில் வாங்கிய 540 சைஸ் வெள்ளி டப்பா மோட்டார், 27 டர்ன். உள்ளே கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. சுற்று குறைந்தால் வேகம் கூடும், கரண்டையும் மடமடவென்று குடிக்கும். டப்பாவைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டுப் பந்தயங்களில் இருக்கிற ஒரு விதியையும் சேர்த்தேன். பந்தயம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் 600 ரூபாயை நீட்டி அடுத்தவன் மோட்டாரைக் கேட்கலாம். அவன் கழற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். அப்படியிருந்தால் 3,000 ரூபாய் மோட்டாரை எவன் ஒளித்து வைத்து ஓட்டுவான்? எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு அழகு.

மூன்று வாரம் தொடர்ந்து எதிர்வீட்டுப் பையனே ஜெயித்தான். பிளஸ் டூ படிக்கிறான். வளைவில் எங்களோடுதான் வருவான், நேர்ப்பாதை வந்ததும் ஆளைக் காணோம். டப்பாவைத் திறந்து ஏதோ செய்திருக்கிறான் என்று சந்தேகம். மூடியைப் பிடித்திருக்கும் தகட்டு மடிப்புகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கீறல்கூட இல்லை. சரி, ஒரே கடை மோட்டார் என்றாலும் ஒன்று போல் ஒன்று ஓடாது, இவனுக்கு நல்லது மாட்டிவிட்டது என்று 600 ரூபாயை நீட்டினேன்.

“சூடா இருக்கு மாமா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கழட்டுங்க” என்றான்.

கேட்கவில்லை. ஆள்காட்டி விரல் கொப்பளித்துவிட்டது. என் மோட்டார் இப்படிச் சுட்டதே இல்லையே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நல்ல மோட்டார் என்றால் சுடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த மோட்டார் என் காரில். அவனோ கடையிலிருந்து புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். அவனே முதல். நான் மூன்றாவது.

அன்றைக்குப் பார்த்து மேலூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பந்தயம் என்றால் மாட்டுவண்டிதான்; பூஞ்சிட்டு என்றால் அதில் ஓடும் சின்ன மாடு. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “பெரிய மாட்டோட பூஞ்சிட்ட ஓட விடுவாகளா மாப்பிள்ளை? பல்லப் பிடிச்சுப் பாத்துத்தானே சேப்பாக. நீங்க பல்லப் பாத்தீகளா?” என்றார்.

“இதுல ஏது மாமா பல்லு?” என்று நான் சிரித்தேன்.

எதிர்வீட்டுப் பையன் சிரிக்கவில்லை. காரைத் தூக்கி மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பினியன்! மோட்டார் தண்டில் இருக்கும் குட்டிப் பல்சக்கரம். எங்களுக்கெல்லாம் 17 பல், அவனுக்கு 20. பல் கூடினால் மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கார் போகும் தூரமும் கூடும். மோட்டார் மூச்சு முட்ட இழுக்கும், அதனால்தான் அந்தச் சூடு. மோட்டாரை வாங்கிய நான் பினியனை வாங்கவில்லை. சட்டத்தில் பினியன் என்ற சொல்லே இல்லை என்றான் பையன். உண்மைதான்.

விடுவேனா? அங்கேயே புதுச் சட்டம் அறிவித்தேன். எல்லாருக்கும் 17 பல். பெட்டியிலிருந்து எடுத்த மோட்டாரை எடுத்தபடியே மாட்ட வேண்டும், எந்த வித்தையும் கூடாது.

காபித் தூக்கோடு வந்த என் மனைவி, “அப்ப வியாழக்கிழமை அந்த டம்ளர்ல செஞ்சது என்ன?” என்றாள்.

தெரு அமைதியானது. அது ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான். மோட்டாரைத் தண்ணீரில் முக்கி, இரண்டு பென்சில் பேட்டரியில் 5 நிமிடம் ஓடவிட்டால் உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் வளைவாகத் தேய்ந்து, தண்டோடு சுற்றும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரோடு ஒட்டி உட்காரும். எடுத்து உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. டப்பாவை நான் திறக்கவே இல்லை. தண்ணீர் மட்டும் கருப்பட்டிக் காபி நிறத்துக்கு வந்துவிட்டது. கைக்கு அகப்பட்ட டம்ளர், மாமனார் சீர் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்.

“எம்பேரு வெட்டுன டம்ளர்லயா மாப்பிள்ளை?” என்றார்.

நான் டிராக் பைப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். பையன் பாக்கெட்டிலிருந்து 600 ரூபாயை எடுத்து நீட்டினான். போன வாரம் நான் கொடுத்த அதே நோட்டுகள், மடிப்புகூடக் கலையவில்லை.

“என் மோட்டாரைத் திருப்பி எடுத்துக்கிறேன் மாமா. குளிப்பாட்டி வேற வச்சிருக்கீங்க.”