கடைசி அசையைப் பிடித்த கதை

மூன்று மாதம் மேசையைத் தட்டித் தட்டித்தான் பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களைப் படித்தேன். பாரிஸில் மாலை வகுப்பு, டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்கான தயாரிப்பு. எழுதுவதில் பயமில்லை. வாயைத் திறந்தால்தான் ஆசிரியை நெற்றியைச் சுருக்குவார்.

எல்லாம் ஆங்கிலப் பழக்கம். 'அனிமல்' என்று முதல் அசையை அழுத்தியே வளர்ந்த நாக்கு. பிரெஞ்சில் அது அ-னி-மால். மூன்றும் ஒரே சீராக வரும், கடைசி அசை மட்டும் சற்று நீளும். அதுவும் சொல் தனியாக நிற்கும்வரைதான். 'அனிமால் ஸொவாஜ்', அதாவது காட்டு விலங்கு என்றால், அழுத்தம் 'வாஜ்' மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மூச்சுத் தொடருக்கு ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.

அசை பிரிப்பது எனக்கு ஏர்மெயில் உறையால்தான் புரிந்தது. சின்ன வயதில் அந்த நீல ஒட்டுத்தாளில் பார்த்த 'பார் அவியோன்' நினைவிருக்கிறதா? சொல்லும்போது அது பா-ர-வியோன். முன்சொல்லின் மெய் அடுத்த சொல்லின் உயிரோடு போய்விடுகிறது. அட, 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே'! நன்னூலில் மனப்பாடம் செய்தது இங்கே உதவும் என்று யார் கண்டது?

அதற்கப்புறம் விகுதிகள். 'லவே' என்றால் கழுவு, 'லவாஜ்' கழுவுதல். 'பஸே' என்றால் கட, 'பஸாஜ்' கடந்து செல்லுதல், கடக்கும் வழி. பிரெஞ்சில் உயிரற்ற பொருளின் பெயருக்கும் பால் உண்டு; இப்படி வினையோடு 'ஆஜ்' ஒட்டினால் ஆண்பால். 'ப்ளாஜ்' (கடற்கரை), 'இமாஜ்' (படம்) பெண்பாலாக இருக்கிறதே என்று சண்டை போட்டேன். அவற்றில் 'ஆஜ்' விகுதியே இல்லை, சொல்லின் உடம்பு என்றார் ஆசிரியை. பாலைக் காட்டும் விகுதியும் அழுத்தம் விழும் அசையும் ஒரே இடத்தில் இருப்பது பெரிய வசதி. அந்த அசையை அழுத்திச் சொல்லிப் பழகினேன், பாலும் கூடவே மனதில் ஒட்டிக்கொண்டது.

கூட்டுச்சொல்லில் அந்த வசதி கிடையாது. பாத்திரம் கழுவும் இயந்திரம் 'லாவ்-வெஸெல்': கழுவு, பாத்திரம் என்ற இரண்டு சொற்கள். பாத்திரத்தைக் குறிக்கும் 'வெஸெல்' பெண்பால், முழுச்சொல்லோ ஆண்பால். நம் அன்மொழித்தொகை மாதிரி, சொல்லில் இல்லாத ஒன்றைக் குறிக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் வாய்மொழித் தேர்வில் வீட்டைப் பற்றிப் பேசும்போது பெண்பாலுக்குரிய 'லா'வை முன்னால் போட்டு 'லா லாவ்-வெஸெல்' என்றேன். தேர்வாளர் சிரிக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார். 25-க்கு 17.