ஓப்பியொங்கோ ஏரியில் எட்டுப் பாகத்துக்குக் கீழே

ஆடி மாத வெயிலில் ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய், ஓப்பியொங்கோ ஏரியில் ஒரு லேக் ட்ரவுட் மீனும் படவில்லை என்று சலித்துக்கொண்டு திரும்பும் சனத்தை ஸ்காபரோவில் அடிக்கடி காண்கிறேன். கடையில் மீன் வெட்டி வாங்க வரிசையில் நிற்கும்போதுதான் இந்தக் கதை பெரும்பாலும் வரும். "ஏரி பெரிசுதான் அக்கா, ஆனா மீன் இல்லை." மீன் இருக்கிறது. அது நிற்கிற ஆழத்துக்குத் தூண்டில் போகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நானும் அண்ணாவும் பருத்தித்துறைப் பக்கம் பிறந்தவர்கள். அப்பா முதலில் கட்டுமரத்திலும் பிறகு இயந்திரப் படகிலும் போய்க் கைத்தூண்டில் போட்டவர். ஆழத்தை அவர் பாகத்தில்தான் சொல்வார். இரண்டு கையையும் விரித்துப் பிடித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. எங்கள் படகில் இப்போது, ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ கருவி இருக்கிறது. அது மீற்றரில் காட்டும். அண்ணா அதைப் பார்த்துவிட்டு "பதினொரு பாகம்" என்று சத்தமாகச் சொல்வார். மீற்றரில் சொன்னால் எனக்கு ஆழம் மனதில் ஏறாது.

ஓப்பியொங்கோதான் அல்கொன்குவினிலேயே பெரிய ஏரி. 58 சதுர கிலோமீற்றர், மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ 50 மீற்றர், அதாவது 27 பாகம். தெற்கு, கிழக்கு, வடக்கு என்று மூன்று கைகளாக விரிந்து கிடக்கிறது. ஸ்காபரோவிலிருந்து பீற்றர்பரோ, பான்குரொஃப்ட் வழியாக விற்னிக்குப் போய், 60ஆம் நெடுஞ்சாலையில் பூங்காவுக்குள் நுழைந்து, ஓப்பியொங்கோ வீதியில் திரும்பினால் ஸ்ப்ரூல் குடாவில் வீதி முடிந்துவிடும். அதற்கு அப்பால் படகோ கனூவோதான். வடக்குக் கையில் கூடாரம் அடித்தால் கைத்தொலைபேசியும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. எங்களுக்கு அந்த வடக்குக் கைதான் பிடிக்கும்.

சரி, மீனுக்கு வருவோம். லேக் ட்ரவுட்டைப் பிடிக்கப் போகிறவர்கள் ஆற்று ட்ரவுட்டை மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. இது ஆழக் குளிரில் வாழ்கிற மீன். 10 பாகை செல்சியஸுக்கு அண்டிய நீர்தான் அதற்கு இதம். 15 பாகையைத் தாண்டினால் அந்த இடத்தை விட்டு இறங்கிவிடும். பனிக்கட்டி உடைந்து போகிற சித்திரைக் கடைசியில் ஏரி மேலிருந்து கீழ் வரை ஒரே குளிராக இருக்கும், மீன் எங்கும் நிற்கும். அந்த நாட்களில் கரையில் நின்று வீசினாலும் படும். பிறகு வெயில் ஏற ஏற மேல் நீர் சூடாகிறது. சூடான நீர் பாரம் குறைந்தது, மேலேயே தங்கிவிடும். காற்று அடித்தாலும் அந்த மேல் நீர்தான் தனக்குள் கலக்குமே தவிர அடிநீரைத் தொடாது. நடுவில் சில மீற்றர் தடிப்பில் ஓர் அடுக்கு, அதற்குள் வெப்பநிலை கடகடவென்று விழும். அதற்குக் கீழே கோடை முழுவதும் குளிர்தான்.

அண்ணாவிடம் நீண்ட வயருள்ள வெப்பமானி ஒன்று இருக்கிறது. வயரில் பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். ஆடி நடுவில் ஒரு காலை அதை இறக்கியபோது மேல் நீர் 22 பாகை காட்டியது. நாலாவது நூலில் 18. ஆறாவது நூலில் 10. எட்டாவதில் 7. அதாவது கையால் அளந்தால் இரண்டே பாகத்துக்குள் எட்டுப் பாகை விழுந்துவிட்டது. அன்றைக்கு ஆறாம் பாகத்துக்கும் பத்தாம் பாகத்துக்கும் நடுவில்தான் எங்கள் வேலை. மேலே என்னதான் அழகான இடமாக இருந்தாலும், நாணல் இருந்தாலும், விழுந்த மரம் கிடந்தாலும் அங்கே தூண்டில் போட்டு ட்ரவுட்டைத் தேடுவது வீண். அங்கே பாஸ் மீன் படும், அது வேறு கதை.

அந்த ஆழத்துக்குத் தூண்டிலை இறக்க நாங்கள் பாவிப்பது லெட்கோர் நூல். பின்னல் நூலின் நடுவே மெல்லிய ஈயக் கம்பி ஓடும். பத்து யார், அதாவது முப்பது அடி, நீளத்துக்கு ஒருமுறை நூலின் நிறம் மாறும், அதனால் எவ்வளவு வெளியே விட்டிருக்கிறோம் என்று கண்ணாலேயே தெரியும். நூலை விட்டபடி படகை ஆறுதலாக ஓட்டினால் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஐந்து அடி இறங்கும் என்று கணக்கு. எட்டுப் பாகம் வேண்டுமென்றால் ஒன்பது பத்து நிறம் வெளியே போக வேண்டும். நுனியில் நீளமாக நைலோன் நூல், அதில் ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் செம்பும் பூசிய ஸ்பூன், அதாவது இரை மீன் போல ஆடும் உலோகத் தகடு. நூலை விடமுன் அதைப் படகின் ஓரத்தில் நீருக்குள் இழுத்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் சோம்பலாக ஆட வேண்டும். சுழன்றால் வேகம் கூடிவிட்டது. மணிக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் நான் ஓட்டவே விடமாட்டேன். இந்த விஷயத்தில் அண்ணாவுக்கும் எனக்கும் படகிலேயே சண்டை வரும். அவருக்குக் கை பரபரக்கும்.

இன்னொன்று, வெள்ளி நிறம் சும்மா தெரிந்தெடுத்ததல்ல. இந்த ஏரியில் 1948இல் சிஸ்கோ என்ற மீனை விட்டார்கள். வெள்ளி வெளேரென்று இருக்கும், குளிர் நீரில் கூட்டமாகத் திரியும். அதைத் தின்னத் தொடங்கிய பிறகு ஓப்பியொங்கோ ட்ரவுட் முன்பை விடப் பெரிதாக வளர்ந்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஏரிக்கரையில் ஹார்க்னெஸ் மீன்வள ஆய்வுகூடம் இருக்கிறது. 1936இலிருந்து தூண்டில்காரர் எத்தனை மணித்தியாலம் போட்டார்கள், என்ன பட்டது என்று கேட்டுக் கேட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் கரையேறும்போது யாராவது வந்து கேட்டால் நின்று ஆறுதலாகப் பதில் சொல்வேன். வெறுங்கையோடு வந்த நாளின் கணக்கும் அவர்களுக்கு வேண்டும். அதை மறைத்துவிட்டுப் போகாதீர்கள். எக்கோவில் எட்டாம் பாகத்தில் மேகம் போலத் தெரிவது சிஸ்கோக் கூட்டம். அதன் கீழேயோ ஓரத்திலோ தனியாக ஒரு தடித்த கோடு விழுந்தால் ஸ்பூன் அந்த வழியாகப் போகட்டும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்குக் கை அகலமானது. மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பினால் அலை படகுக்குள் ஏறும், கனூக்காரர் தீவோரத்தில் ஒதுங்கிக் காத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். விடியப்புறமே கடந்துவிடுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் ஒரு குறிப்பு: பூங்காவின் உட்பகுதிக்குத் தகரப் பேணியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோக முடியாது, அதனால் டின்மீன் வேண்டாம். நான் வறுத்த மாவும் தேங்காய்ப்பூவும் பையில் கட்டிக்கொண்டு போய் அங்கேயே புட்டு அவிப்பேன்.

போன ஆவணியில் வடக்குக் கையின் நடுத் திட்டி ஓரமாக இழுத்துக்கொண்டு போனோம். அடி பதினைந்து பாகத்திலிருந்து ஒன்பதுக்கு ஏறுகிற இடம். என் கம்பு ஒருமுறை தலையாட்டிவிட்டுக் குனிந்து அப்படியே நின்றது. எங்கள் கடலின் பாரை மீன் என்றால் பிய்த்துக்கொண்டு ஓடும். இது ஓடவில்லை, கீழே நின்று தலையைக் கனமாக உதறியது. ஒவ்வொரு உதறலும் நூல் வழியே முழங்கை வரை வந்தது. அண்ணா இயந்திரத்தை நிற்பாட்டினார். நிறம் நிறமாகச் சுற்றி எடுத்தேன். மீன் கண்ணுக்குத் தெரியமுன், மூன்று பாகம் கீழே இருக்கும்போதே, நூலைச் சுற்றி நீர்க்குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வந்து உடைந்தன.

அந்தக் குமிழிகள்தான் எனக்கு இந்த மீனில் மிகவும் பிடித்த விஷயம். ஆழத்திலிருந்து மேலே வரும்போது மீனின் காற்றுப்பை ஊதும். அப்பா கலவாய் மீனை ஏற்றும்போது அதன் இரைப்பை வாயால் தள்ளிக்கொண்டு வரும், திரும்பக் கடலில் விட்டாலும் மிதந்துகொண்டு கிடக்கும். லேக் ட்ரவுட்டுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கிறது. வரும் வழியிலேயே காற்றை விட்டுவிடும். அதனால் எட்டு, பத்துப் பாகத்திலிருந்து ஏற்றிய மீனையும் உயிரோடு திருப்பி அனுப்ப முடியும். இறுக்கி இழுக்காமல் கொஞ்சம் பொறுமையாக ஏற்றினால் நல்லது.

மேலே வந்தது சாம்பலும் பச்சையும் கலந்த உடம்பு, தலையிலிருந்து வால் வரை மங்கலான வெள்ளைப் புள்ளிகள், கீழ்ச் செட்டைகளின் முன் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு, ஆழமாகப் பிளந்த வால். ஆவணி வெயிலில் அதைப் பிடித்த கை விறைத்தது. ஈரக் கையால் நீருக்குள்ளேயே வைத்துக் கொழுவியைக் கழற்றினேன்.

"விடப்போறியே?" என்றார் அண்ணா.

"ஓம், விடப்போறன். சின்னன் ஒண்டு படட்டும், அதைக் கறிக்கு வைப்பம்."

அவருக்கு அது மனவருத்தம்தான். ஆனால் இந்த மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே ஆறேழு வருடம் வேண்டும், சில ஏரிகளில் அதற்கும் மேல். இருபது வயதைத் தாண்டிய மீன்கள் உண்டு, வடக்கே ஐம்பதைத் தாண்டியவையும் உண்டு. கடலில் வருடத்துக்கு வருடம் வந்து குவிகிற சூடை, சாளை மாதிரி நினைத்துப் பெட்டி நிரப்பினால் ஏரி கொஞ்ச நாளில் வெறுமையாகிவிடும். ஒன்ராறியோவின் ஏரிகளில் நூற்றில் ஒன்றில்தான் இந்த மீன் இருக்கிறது. அப்படியிருந்தும் உலகத்து லேக் ட்ரவுட் ஏரிகளில் நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட இந்த மாகாணத்துக்குள்தான். பெரிய மீனில் பாதரசமும் கூடுதல். எந்த ஏரியில் எந்த நீளம் வரை எவ்வளவு தின்னலாம் என்று மாகாண அரசு அட்டவணை வெளியிடுகிறது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிக் கணக்கு. அதைப் பார்த்துவிட்டுச் சமையுங்கள். எண்ணெய்ப் பிடிப்பான மீன் என்பதால் சொதிக்கு நான் போடமாட்டேன். உப்பு, மஞ்சள், மிளகு தடவித் தணலில் வாட்டி, தேசிக்காய் பிழிந்து புட்டோடு சாப்பிட்டால் வேறு கறி தேவையில்லை.

உயிர் மீனை இரையாக அல்கொன்குவினுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சிலர் வாளிக்குள் ஒளித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சிஸ்கோ இங்கே நல்லதாய் முடிந்தது. ஆனால் பாஸ் புகுந்த வேறு ஏரிகளில் அது கரையோரச் சின்ன மீன்களைத் தின்று தீர்க்க, சிஸ்கோ இல்லாத இடங்களில் ட்ரவுட்டுக்கு இரை இல்லாமல் போனது. வாளியிலிருந்து தப்பிய மீனைத் திருப்பிப் பிடிக்க யாராலும் முடியாது.

பருவம் செப்ரெம்பர் 30உடன் மூடிவிடும். ஐப்பசிக் குளிரில் இரவு நேரத்தில் அவை அலை அடிக்கிற கல்லுத் திட்டிகளுக்கு ஏறி வந்து, குழி தோண்டாமல் கல்லிடுக்குகளுக்குள் முட்டையை விட்டுவிட்டுப் போகும். அதனால் போகிறவர்கள் புரட்டாசி முதல் பாதிக்குள் போய்விடுங்கள். வடக்குக் கைக் கூடார இடங்களை முன்கூட்டியே பதிய வேண்டும், நீண்ட வார இறுதிகளுக்கு இடம் கிடைப்பது கடினம். வெப்பமானியை மறக்காதீர்கள். வயரில் நூல் கட்டும்போது உங்கள் சொந்தக் கையை விரித்தே அளவு எடுங்கள், தூண்டில் நூலையும் அதே கையால்தானே அளக்கப் போகிறீர்கள்.