முதலை நீந்துகிறது: கிளாசிக்கில் மூன்றடுக்கு வகுப்பு

லுவா மொழியில் விளையாட்டுகள் எழுத உதவும் லவ்2டி-யில் நான் எழுதிவரும் ஆற்று விளையாட்டில் முதலை ஒருவழியாக ஒழுங்காக நீந்துகிறது. 'பொருள்', அதிலிருந்து 'எதிரி', அதிலிருந்து 'முதலை' என மூன்றடுக்கு வகுப்புகள் (ஒரே வகை உருக்களை வார்க்கும் அச்சுகள்). எல்லாவற்றுக்கும் அடியில், லுவாவில் வகுப்புகள் உருவாக்க உதவும் கிளாசிக் நூலகத்தின் ஆப்ஜெக்ட் என்ற அடிப்படை வகுப்பு. நூறு வரிகூட வராத ஒற்றைக் கோப்பு அந்த நூலகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம், அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

வகுப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். லவ்2டி-க்குள் இருக்கும் லுவாஜிட் (லுவாவை ஓட்டும் வேகமான வடிவம்) தமிழ் எழுத்துகளைப் பெயராக ஏற்றுக்கொள்கிறது. வழக்கமான லுவா 5.4-இல் இது நடக்காது, அங்கே ஓட்ட நினைப்பவர்கள் கவனிக்கவும்.

எக்ஸ்டெண்ட் செய்வதெல்லாம் (ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றை உருவாக்குவது) உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது தாய் வகுப்பின் நியூவை, அதாவது புதிதாக உருவாகும் ஒன்றுக்குத் தொடக்க மதிப்புகளைக் கொடுக்கும் ஃபங்ஷனை, கூப்பிடும் அந்த ஒரு வரியைப் பற்றி. சரியான வடிவம் இது: முதலை.சூப்பர்.நியூ(செல்ஃப், எக்ஸ், ஒய்). இதில் சூப்பர் என்பது தாய் வகுப்பு, செல்ஃப் என்பது இப்போது உருவாகும் அந்த ஒரு முதலை, எக்ஸும் ஒய்யும் அதன் இடம். வகுப்பின் பெயரைச் சொல்லி, புள்ளி வைத்து, செல்ஃபை நாமே கையில் கொடுக்க வேண்டும்.

அந்த இடத்தில் செல்ஃப்.சூப்பர் என்று எழுதினால்? இரண்டு அடுக்குவரை ஓடிவிடும், அதுதான் கொடுமை. மூன்றாவது அடுக்கு வந்ததும் மாட்டும். முதலையின் நியூவுக்குள் செல்ஃப்.சூப்பர் என்றால் எதிரி, சரி. அப்புறம் எதிரியின் நியூவுக்குள் போகிறோம். அங்கேயும் செல்ஃப் என்பது அதே முதலைதானே? ஆகவே செல்ஃப்.சூப்பர் மறுபடியும் எதிரியையே தரும். எதிரி எதிரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், பொருளுக்குப் போய்ச் சேரவே சேராது. வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அதாவது முடியாத அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவிடம் (ஸ்டாக்) நிரம்பிவிட்டது. அந்த வரிக்கு முன்னால் ரிட்டர்ன் என்று போட்டால் இன்னும் மோசம். கடைசி அழைப்புக்கு லுவா ஸ்டாக்கில் புது இடம் எடுப்பதில்லை. அதனால் பிழைச்செய்தியே வராது. திரை அப்படியே உறைந்து நிற்கும்.

புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வைப்பது வேறு வகைத் தொல்லை. முதலை.சூப்பர்:நியூ(எக்ஸ், ஒய்) என்றால், முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை லுவா தானாகவே செல்ஃபாகக் கொடுப்பதால், எதிரி என்ற வகுப்பே செல்ஃபாகப் போய்விடும். எக்ஸும் ஒய்யும் வகுப்பின் டேபிளில் (லுவா மதிப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்) பதிவாகும். ஒரே முதலை இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் முதலையிடம் இல்லாத மதிப்பை இண்டெக்ஸ் (இல்லாததை எங்கே தேடுவது என்று காட்டுவது) வழியாக வகுப்பிலிருந்து எடுத்துத் தந்துவிடுகிறது. இரண்டாவது முதலையை இறக்குங்கள், இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும்.

டூஸ்ட்ரிங் (அச்சிடும்போது என்ன எழுத்து வர வேண்டும் என்று சொல்வது) போன்ற மெட்டாமெத்தட்களுக்கும், அதாவது லுவா தானாகக் கூப்பிடும் சிறப்பு ஃபங்ஷன்களுக்கும், ஒரு விதி உண்டு. லுவா அவற்றை மெட்டாடேபிளில், இங்கே வகுப்பில், நேரடியாகத்தான் தேடும். பரம்பரை வழியே ஏறிப் போகாது. அதனால் எக்ஸ்டெண்ட் செய்யும் அந்த நொடியில் இரண்டு அடிக்கோட்டில் தொடங்குபவற்றைக் கிளாசிக் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. பொருளுக்கு டூஸ்ட்ரிங் எழுதிவிட்டுத்தான் எதிரியை உருவாக்க வேண்டும். வரிசை மாறினால் எதிரியை அச்சிடும்போது வெறுமனே 'ஆப்ஜெக்ட்' என்று வரும். கோப்புகளை ரிக்வயர் செய்யும் (உள்ளே இழுக்கும்) வரிசையை இதற்காகவே மாற்றி அடுக்கினேன். வகுப்புகளுக்கான இன்னொரு நூலகமான மிடில்கிளாஸில் இந்தக் கவலை இல்லை, பிறகு சேர்த்தாலும் கீழே உள்ள வகுப்புகளுக்குப் போய்ச் சேரும். ஆனாலும் கிளாசிக்கின் சிறிய உருவத்தை விட எனக்கு மனமில்லை.

முதலை வாயைத் திறப்பதற்கான படங்கள் இன்னும் வரையவில்லை. அதற்குள் கை அடுத்த வேலைக்குப் போய்விட்டது: 'காயம்' என்று தனி வகுப்பு எழுதி, இம்ப்ளிமெண்ட் (ஒரு வகுப்பின் ஃபங்ஷன்களை இன்னொன்றில் ஒட்டுவது) மூலம் முதலைக்கும் படகுக்கும் சேர்க்கப் போகிறேன். இம்ப்ளிமெண்ட் ஃபங்ஷன்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும், அதுவும் அந்த வகுப்புக்கு ஏற்கெனவே இல்லாதவற்றை மட்டும். நியூ என்ற பெயர் ஆப்ஜெக்டிலேயே இருப்பதால் காயத்தின் நியூ ஒட்டாது. உயிர்ப்புள்ளிகளைத் தொடங்கிவைக்க 'காயம்_தொடங்கு' என்று வேறு பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதி, இரண்டு நியூவிலிருந்தும் கூப்பிடுவதாகத் திட்டம்.