மாரியில் ஆள் வராத உளவளத்துணை அறை

நவம்பர் பிறந்தால் என் அறைக்கு ஆட்கள் வருவது குறைந்துவிடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கச்சான் காற்றும் வெக்கையுமாக இருக்கிற மாதங்களில் வாசலில் போட்ட வாங்கில் இடம் கிடைக்காது. மழை தொடங்கியதும் அது காலியாகிவிடும். பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இது தேவை குறைந்த காலம் என்றுதான் தோன்றும். வீடு வீடாகப் போனால்தான் தெரியும், ஆண்டிலேயே மனம் அதிகம் தளர்கிற மாதங்கள் இவைதான் என்று. கட்டிலை விட்டு எழும்பவே தெம்பில்லாத ஒருவர் மழையில் நனைந்து, பஸ்ஸுக்கு நின்று, தண்ணீர் ஏறிய தாம்போதியை, அதாவது தாழ்வான பாலப் பாதையைத் தாண்டி என்னிடம் எப்படி வருவார்?

போகும் வீடுகளில் யாரும் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. "உடம்பு ஏலாம கிடக்கு மிஸ்" என்பார்கள். "நெஞ்சுக்குள்ள பாரமா இருக்கு", "ஒண்டும் செய்ய மனம் வருகுதில்ல" என்பார்கள். ஒரு வீட்டில் பத்து மணி தாண்டியும் படுக்கை சுருட்டப்படாமல் இருக்கும். இன்னொரு வீட்டில் அம்மா விடிய இரண்டு மணியிலிருந்து தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு முழித்திருப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர் போவதை நிறுத்தியிருப்பார். இவற்றைத்தான் நான் முதலில் கவனிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் வந்தார். (இதில் வருகிறவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் தனக்காக வரவில்லை. நோர்வேயில் இருக்கும் மகனுக்காக வந்தார். "வேலை முடிஞ்சு வந்து படுத்தா எழும்புறானில்ல. போன் எடுக்கிறானில்ல. இனிப்பும் சோறுமாத் திண்டு ஊதிப்போனான். ஆரோ செய்வினை செஞ்சிட்டாங்க மிஸ்" என்றார். எப்போதிருந்து என்று கேட்டேன். ஒவ்வொரு வருடமும் தீபாவளி முடிய இப்படி ஆவான், சித்திரை வருசத்துக்கு வாழ்த்துச் சொல்ல அவனே எடுப்பான், அப்போது பழையபடி சிரித்துப் பேசுவான் என்றார். அவருக்குத் தெரியாமலே நோயின் முக்கிய அடையாளத்தைச் சொல்லிவிட்டார். ஆண்டுதோறும் அதே பருவத்தில் வந்து அதே பருவத்தில் விலகுவது, அளவுக்கு மீறிய தூக்கம், மாச்சத்து உணவில் ஆசை, எடை கூடுவது எல்லாம் குளிர்கால மனச்சோர்வின் குறிகள்.

பருவகால மனச்சோர்வு என்று இதற்கு மருத்துவத்தில் பெயர் வந்தது 1984இல். அமெரிக்காவில் நோர்மன் ரோசென்தால் என்ற மனநல வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை விவரித்து எழுதினார்கள். வெயில் நிறைந்த ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து நியூயோர்க்குக்குப் போய், அங்கே குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு வடிவதை உணர்ந்தவர் அவர். கண்ணுக்குள் விழும் காலை வெளிச்சம்தான் மூளையில் இருக்கும் உடற்கடிகாரத்தைத் தினமும் சரிசெய்கிறது. ஒஸ்லோவில் டிசெம்பர் நடுவில் பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் ஒருவருக்கு அந்தக் கடிகாரம் பின்தங்கிப்போக இடமுண்டு. அதனால்தான் அங்கே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரை மணித்தியாலம் அளவில் உட்காரச் சொல்கிறார்கள்.

மகனைத் தன் குடும்ப வைத்தியரிடம் போகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். விளக்கை அவராகவே வாங்காமல் வைத்தியரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்றும் சொன்னேன். கண்ணில் நோய் இருப்பவர்களுக்கும், மனம் சில காலம் மிகையாக எழுந்து சில காலம் விழுகிற இருமுனை நோய் உள்ளவர்களுக்கும் அது பாதகமாகலாம். மகன் போனார், விளக்கும் கிடைத்தது. இப்போது ஒக்டோபர் கடைசியிலேயே அதை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறாராம். தாய் கோயிலில் வைத்த நேர்த்தியையும் நிறைவேற்றினார். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இருக்கவில்லை, மகனை வைத்தியரிடம் போக வைத்ததே அவருடைய அழுகைதான்.

அப்புறம் அந்தத் தாய் கேட்டார்: "அந்த லைற்ற நமக்கும் எடுக்கலாமா மிஸ்? மாரியில எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு."

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மட்டக்களப்பில் டிசெம்பர் மாதத்தின் ஆகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழ 11 மணித்தியாலம் 40 நிமிடம். ஜூன் மாத நீண்ட பகலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைவிடக் குறைவு. நமக்குப் பகல் பெரிதாகக் குறைவதில்லை. முகில் மூடுகிறது, நாமும் கதவை மூடுகிறோம். சாரல் அடிக்கிறது என்று யன்னலைச் சாத்திவிட்டு, கரண்டும் போன வீட்டுக்குள் இருந்தால் அங்கே நூறு லக்ஸ்கூட இராது. அதே நேரம் வெளி விறாந்தையில், மப்பு வானத்தின் கீழும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அதனால் அவரிடம் சொன்னேன், விளக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம், காலைத் தேத்தண்ணியை விறாந்தையில் இருந்து குடியுங்கள் என்று.

ஆனால் நம் ஆட்களின் மாரிக்காலத் தளர்ச்சியை வெளிச்சக் கணக்கோடு முடித்துவிட முடியாது. என் வேலையில் நான் உறுதியாக நம்புகிற விஷயம் இது. வெளிநாட்டுக் கட்டுரையை வாசித்துவிட்டு இங்கே அதே பெயரை ஒட்டினால், காசில்லாத வீட்டுக்கு விற்றமினைச் சொல்லிவிட்டு வந்தவர்களாவோம்.

முதலாவது, வருமானம் நிற்கிறது. பெரும்போகத்துக்கு விதைத்து முடிந்ததும் அறுவடை வரை கூலிக்காரருக்குக் கையில் வேலை இல்லை. வயல்காரருக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது இரவில் யானைக் காவல், பகலில் வெள்ளம் வடியுமா என்ற ஏக்கம். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் தோணிகள் கரையில் ஏறிக் கிடக்கும். நுண்கடன் வாங்கிய பெண்ணுக்கு வாரத் தவணை மட்டும் மழையைப் பார்த்து நிற்பதில்லை. கடன்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்பக்கத்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவதாக ஒரு இளம் தாய் சொன்னார். அவருடைய நெஞ்சுப் பாரத்துக்கு நான் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது அநியாயம். தவணையைத் தள்ளிக் கேட்பதற்கு அவருடன் கூடப்போனேன். அன்று அவர் நன்றாகத் தூங்கினாராம். கைக்கு வேலை இல்லாத ஆண்களிடம் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் கூடுவதும், அதன் அடி வீட்டுப் பெண்கள் மேல் விழுவதும் இதே மாதங்களில்தான்.

இரண்டாவது, பாதை அடைபடுகிறது. கிரான் பக்கம் தாம்போதி மூழ்கினால் மக்கள் படகில்தான் கடக்க வேண்டும். தாய்வீட்டுக்குப் போக முடியாது, கிளினிக்கில் மருந்து எடுக்க முடியாது. நெடுங்காலம் மாத்திரை எடுத்து நல்லாயிருந்தவர்கள் மாரியில் மருந்து முடிந்து மறுபடியும் விழுவதை நான் பார்க்கிறேன். அதனால் எனக்கு ஒக்டோபர்தான் முக்கியமான மாதம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநல சிகிச்சை பெறுகிறவர்கள் வீட்டுக்கு வழி அடைபடுமுன் போய், கையில் எத்தனை நாள் மருந்து இருக்கிறது என்று கேட்டு, மேலதிகமாக எடுக்க வழி செய்கிறேன்.

மூன்றாவதுதான் ஆகப் பாரமானது. இங்கே மழை பெய்யும்போது பழையவையும் சேர்ந்து பெய்கின்றன. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைக் கண்ட வயதானவர்கள் காற்று இரைந்தாலே எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27இல், போரில் இறந்த பிள்ளைக்கு விளக்கேற்றப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26 இருக்கிறது. நாட்டிலேயே ஆழிப்பேரலையில் அதிகம் பேர் இறந்தது பக்கத்து அம்பாறை மாவட்டத்தில். அங்கேதான் 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தைக் கவிழ்த்து மதரசாப் பிள்ளைகளை அடித்துக்கொண்டு போனது. அந்த வீடுகளுக்கு இனி ஒவ்வொரு நவம்பரும் எப்படி வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இவர்களிடம் "மழைதானே, விட்டிடும்" என்று சொல்லாதீர்கள்.

செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் பலிக்கின்றன. மனம் வரட்டும், மறுகா செய்வோம் என்று காத்திருப்பவரிடம், மனம் இல்லாமலே ஒரு சின்ன வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். செயல் முந்தினால் மனம் பிந்தியாவது வரும் என்பது மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையில் சோதித்துக் கண்ட முறை. ஒரு கிராமத்தில் பன் என்கிற புல்லில் பாய் இழைக்கும் பெண்களை மாரி முடியும் வரை ஒரே வீட்டு விறாந்தையில் கூடி இழைக்கும்படி கேட்டேன். மழைக்கு முன்பே பன் வெட்டிக் காயவைத்து எடுத்துவிட்டார்கள். பாய் விற்ற காசு கொஞ்சம்தான். ஆனால் குளித்து, தலை இழுத்து, குறிப்பிட்ட நேரத்துக்கு வெளிக்கிட ஒரு காரணம் கிடைத்தது. வராதவரைத் தேடி ஒருத்தி போவாள். நான் மாதத்துக்கு ஒருமுறை செய்வதை அவர்கள் தினமும் செய்தார்கள்.

வெள்ளம் வந்தால் எங்களுக்கும் வெள்ளக் கடமை. பாடசாலையில் இடைத்தங்கல் முகாம், பெயர்ப் பட்டியல், உலர் உணவுப் பொதி. பட்டியலில் பெயர் விடுபட்டவர் பேச்சையும் நாங்கள்தான் கேட்க வேண்டும். இரவில் ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போகும்போது எனக்கும் யாரோடும் பேச மனம் இருக்காது. கிராம உத்தியோகத்தர்களும் நாங்களும் முகாம் முடிந்த பிறகு சும்மா உட்கார்ந்து அரை மணித்தியாலம் கதைப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். அதைக் கடமை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும், முகாமில் பொதிக்கு நிற்கும் வரிசையில்தான் என்னிடம் அதிகம் பேர் மனம் திறந்திருக்கிறார்கள். அறைக்கு வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வரிசையில் இல்லை.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குழம்பியிருந்தால், பிள்ளையைப் பார்க்கக்கூட மனம் வராவிட்டால், மாரி முடியட்டும் என்று இருக்க வேண்டாம், வைத்தியரைப் பாருங்கள். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே முகத்தோடு வரலாம், அதையும் சோதிக்க வேண்டும். செத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே, தனியே விடாமல் கூட்டிப்போங்கள். பாதை அடைபட்டிருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.

முன்பு மட்டக்களப்பு நகரம் அடங்கிய மண்முனை வடக்கில் வேலை செய்தபோது, ஆழிப்பேரலை அழித்த நாவலடியிலிருந்து திராய்மடுவில் குடியேறிய குடும்பங்களிடம் போய்வருவேன். டிசெம்பர் 26இல் நினைவிடத்தில் சனம் நிறைந்திருக்கும், சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள், பகல் முழுக்க யாராவது பக்கத்தில் இருப்பார்கள். 27ஆம் திகதி எல்லாரும் போய்விடுவார்கள். அதனால் இடம் மாறிய பிறகும் 27ஆம் திகதி லீவு போட்டுவிட்டு அங்கே போகிறேன். இந்த முறை அந்தப் பக்கத்து உத்தியோகத்தர் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீடுகளைப் பிரித்துக்கொண்டோம்.